பதினான்கு நாள் கெடுவில் ஒரு பெடல்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை, லெஸ்டர் நகரத்துச் சமூகக்கூடம் ஒன்றில், என் தகரப் பெட்டியின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். திருப்பூரில் பதினொரு வருடம் அடுத்தவர் துணிக்கு ‘ரிஜெக்ட்’ சீட்டு ஒட்டியவள் நான். நம் பொருளுக்கு இன்னொருவர் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாகவே இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் எஸ்தர். அப்பா சாத்தான்குளத்திலிருந்து கட்டிங் மாஸ்டராகத் திருப்பூருக்கு வந்தவர். நான் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஷேடு, அதாவது சாய நிறம் ஒத்துப்போகிறதா என்று, பார்த்தேன். வீட்டுக்காரர் குமரேசன் மங்கலத்துக்காரர். தறிக் குடும்பம்; முருகனைத் தவிர வேறு யாருக்கும் பயப்படாத ஆட்கள். எங்கள் கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் சரிசமமாக அழுதன. பெண் பிறந்தபோது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு பெயர் தேடி ஜோதி என்று வைத்தோம். அவளுக்கு ஐந்து வயதில் இங்கே வந்தோம், இப்போது பதின்மூன்று.

இங்கேயும் எனக்கு அதே வேலைதான். துணிக் கம்பெனி ஒன்றின் கலர் லேபில் உட்கார்ந்து, திருப்பூரிலிருந்து வரும் சாம்பிளுக்கு ஓகே சொல்கிறேன், அல்லது சொல்லாமல் இருக்கிறேன். இதைப் படிக்கும் சிலர் என்னைப் பெயர் சொல்லியே திட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, ஷேடு சரியாக இருந்தால் நான் எதற்கு வம்புக்கு வருகிறேன்?

லேபில் வேலை செய்கிற நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறோம். டிரம்ஸ் அடிக்கும் கிரஹாம்தான் தலைவர். நீல் இன்னொரு கிடார்காரர். வருடத்துக்கு ஒருமுறை ஊழியர் குடும்பங்கள் கூடும் விருந்தில் வாசிப்போம். இரண்டு வருடம் நான் பின்னால் நின்று, பாட்டுக்குத் துணையாகக் கிடாரில் கார்டு மட்டும் வாசித்தேன். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி, இருந்தால் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். இந்த வருடம் முதல் முறையாக எனக்கு லீடு கொடுத்தார்கள். நாலு நிமிஷம் மற்றவர்கள் அடக்கி வாசிக்க, என் கிடார் மட்டும் முன்னால் வந்து பேச வேண்டும். எட்டு வருடமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். திருப்பூரில் நான் லீடு வாசித்தவள்.

அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் தகரப் பெட்டியை ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைக்கிற சாமான் அது. காலால் மிதித்தால் தெளிவாக வரும் சத்தம் உடைந்து, கரகரத்து, இழுத்துக்கொண்டு ஒலிக்கும். சத்தத்தை டிஸ்டார்ஷன் என்பார்கள், மிதிக்கும் பெட்டியைப் பெடல் என்பார்கள். நல்ல சத்தத்தை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று என் அம்மா கேட்பாள். புது ஜீன்ஸைக் காசு கொடுத்துக் கல்லில் உரசி வெளுக்க வைக்கவில்லையா, அது மாதிரிதான் அம்மா என்பேன்.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. கரண்டில் செருகுகிற எந்தப் பொருளானாலும் பரிசோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். டீ போடும் கெட்டிலுக்குக்கூடப் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. பரிசோதிப்பவர் படிவத்தை வைத்துக்கொண்டு என் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“தயாரிப்பாளர்?”

“சம்பத்.”

“அது கம்பெனியா?”

“இல்லை, ஆள்.”

“மாடல் எண்?”

“ஒன்றுதான் செய்தார்.”

அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. மூடியில் கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்த கறையை விரலால் தொட்டு, “துருவா?” என்றார். குங்குமம், ஆயுத பூஜைக்கு வைத்தது என்றேன். அதற்கும் இடம் இல்லை. கடைசியில் மெஷினை மாட்டிப் பார்த்தால் பெட்டிக்கு எர்த் ஒயரே கிடையாது. குங்குமத்துக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

கிரஹாம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எஸ்தர், நீ ஒரு நல்ல பெடல் வாங்கிவிடு. விருந்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. சரிப்படாவிட்டால் லீடை நீல் பார்த்துக்கொள்ளட்டும். நீ போன வருடம் மாதிரி கார்டு வாசிக்கலாம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

2

அந்தப் பெட்டி என் கைக்கு வந்ததே ஒரு தப்பினால்தான்.

சாயப்பட்டறை லேபில் லைட் பாக்ஸ் என்று ஒன்று இருக்கும். உள்ளே பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு மஞ்சள் வெளிச்சத்துக்கு ஒன்று. பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர், அனுப்பிய துண்டையும் நாம் சாயம் போட்ட துண்டையும் பக்கத்தில் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சத்தில் அண்ணன் தம்பியாகத் தெரிகிற இரண்டு துணி, இன்னொரு வெளிச்சத்தில் பங்காளிகளாகிவிடும். பையர் எந்த வெளிச்சத்தைச் சொல்கிறாரோ அதில் ஒத்துப்போனால்தான் ஓகே.

ஒரு தடவை ஆலிவ் பச்சையில் பெரிய ஆர்டர் வந்தது. கடை வெளிச்சத்தில் பார்த்துத்தான் ஓகே சொல்ல வேண்டும். பார்த்தேன், சொன்னேன். துணி மூட்டை மூட்டையாகச் சாயம் ஏறியது. கப்பலுக்கு முன்னால் அனுப்பிய சாம்பிளைப் பையர் பார்த்துவிட்டு, கடையில் இது பழுப்பாகத் தெரிகிறது என்று ஒரே வரியில் மெயில் அனுப்பினார். என்ன ஆயிற்று என்று லைட் பாக்ஸைத் திறந்தால், கடை விளக்கு இருந்த இடத்தில் சாதாரண டியூப் லைட். எங்கள் பட்டறை எலக்ட்ரீஷியன் சம்பத் அண்ணன், பழையது ஃப்யூஸ் போய்விட்டதென்று, ஸ்டோரில் கிடந்ததை எடுத்து மாட்டியிருந்தார். வெளிச்சம் வந்தால் விளக்கு என்பது அவர் கணக்கு.

தினமும் காலையில் விளக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். மேனேஜர் கத்திய கத்தலில் பாய்லர் சத்தம் கேட்கவில்லை. சம்பத் அண்ணன் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரை அனுப்பியிருப்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. என் கவனக்குறைவு என்று மட்டும் சொன்னேன். அந்த லாட் முழுவதையும் கருப்புக்குப் போட்டார்கள். கெட்டுப்போன நிறத்துக்கெல்லாம் கடைசியில் கருப்புதானே கதி. ஆறு மாதம் பட்டறையில் என் பெயர் ‘பிளாக் எஸ்தர்’.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து, சாயங்காலம் ஒரு கலை நிகழ்ச்சி நடக்கும். கோயிலில், அதாவது சர்ச்சில், ஞாயிறுதோறும் கிடார் வாசிக்கிற பெண் என்று என்னை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். மதியம் சம்பத் அண்ணன் தகரப் பெட்டியோடு வந்தார்.

“அம்மிணி, லைட்ட மாத்துனது நானு. பேச்சு வாங்குனது நீங்க. நீங்க டிஸ்டார்சன் டிஸ்டார்சன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்கல்லங்க, அதான் ஒண்ணு பண்ணிப் பாத்தனுங்க.”

மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல் என்று எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கேண்டீன் ஸ்பீக்கரில் அதை இணைத்து மிதித்தேன். வந்த சத்தத்தை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. அடித்தொண்டையில் உறுமி, மேலே போகும்போது நாதஸ்வரத்துக்குச் சளி பிடித்த மாதிரி கமறி, கடைசியில் நடுங்கி அடங்கியது. செக்கிங் செக்ஷன் பெண்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் துணி பார்க்க வந்திருந்த மங்கலத்துக்காரர் ஒருவர் வாயில் பொரியோடு அப்படியே நின்றார். அவரைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன்.

அன்று முதல் யாரும் ‘பிளாக் எஸ்தர்’ என்று கூப்பிடவில்லை. ஊரை விட்டு வரும்வரை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே கேண்டீனில்தான் அதை மிதித்தேன்.

3

இப்போது கேள்விக்கு வருகிறேன். கிரஹாம் சொன்னது டிஜிட்டல் பெடல். பேர்பெற்ற பழைய டிஸ்டார்ஷன் பெட்டிகள் பதினாறின் குரலை அளந்து, கணக்காக மாற்றி, ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு குமிழைத் திருப்பினால் ஒவ்வொரு பழம்பெட்டியாகப் பேசும். மாடலிங் என்று இதற்குப் பெயர். வாங்கலாமா, வேண்டாமா?

விலை ஒன்றும் வீட்டை அடமானம் வைக்கிற விலை இல்லை. என் தயக்கம் வேறு. நகல் எடுத்த பதினாறு குரலில் சம்பத் அண்ணன் குரல் இருக்காதே. அதை விட்டுவிட்டு யாருடைய குரலிலோ அந்த நாலு நிமிஷத்தை வாசித்தால், அது நீல் வாசித்ததற்குச் சமம்தான்.

குமரேசனிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கிப் பாரு. ஒத்து வரலீன்னா திருப்பிக் குடுத்துரு. நம்ம சரக்க இந்த ஊர்க்காரங்க எத்தன தடவ திருப்பி உட்டிருக்கறாங்க? ஒரு தடவ நாமளும் உடுவோம்” என்றார்.

இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கடைக்கு மெயில் அனுப்பினேன். இத்தனை வருடமாகியும் எனக்கு ஆங்கிலம் என்றால் திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஆங்கிலம்தான் முதலில் வாயில் வரும். அப்ரூவல் சாம்பிள் ஒன்று அனுப்புங்கள், பார்த்துவிட்டு பல்க் ஆர்டரை உறுதி செய்கிறேன் என்று எழுதிவிட்டேன். எத்தனை ஆயிரம் வேண்டும் என்று அவர்கள் ஆவலாகக் கேட்டுப் பதில் போட்டார்கள். ஒன்றே ஒன்று என்று எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதினேன். பதினான்கு நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்ற தாளோடு பெடல் வந்து சேர்ந்தது. விருந்து பதினோராவது நாள்.

4

லேபில் ஒரு ஷேடுக்கு நாலு துண்டு போடுவோம். லேப் டிப் என்போம். ஏ, பி, சி, டி என்று எழுதி அனுப்புவோம். எது எப்படிச் செய்தது என்று பார்க்கிறவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பார்க்காது, காதுதான் பார்க்கும்.

அதே முறையில் இறங்கினேன். ஆறு நாள், வேலை முடிந்து வந்ததும் பெடலில் பதினாறு குரலையும் திருப்பித் திருப்பித் தகரப் பெட்டியோடு ஒப்பிட்டேன். கிட்டத்தில் வந்த மூன்றைத் தேர்ந்தெடுத்து ஏ, பி, சி என்று வைத்தேன். டி என் தகரப் பெட்டி. பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஜோதி அறையின் கதவைத் தட்டினேன்.

ஜோதி இப்போதெல்லாம் காதில் ஹெட்போன் இல்லாமல் இருப்பது தூக்கத்தில் மட்டும்தான். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதட்டினால் தமிழ் வரும். போன வருடம் தன் தோழியிடம், அம்மா பின்னால் நின்று ஏதோ வாசிப்பாள் என்று சொன்னதைக் கேட்டேன். பொய் இல்லை, பின்னால் நின்று ஏதோதான் வாசித்தேன். கேட்டபோது வலித்தது.

“அம்மா, ஐ ஹேவ் ஹோம்வர்க்.”

“ஏட்டி, அஞ்சு நிமிஷம். திரும்பி உக்காந்து கேளு. எது நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு.”

திரும்பி உட்கார்ந்தாள். நாலையும் ஒரே மெட்டில் வாசித்தேன். ஏ பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்றாள். சி விளம்பரத்தில் வருவது மாதிரி. பி பரவாயில்லை. டி கேட்டதும் திரும்பியே பார்த்துவிட்டாள்.

“டி இஸ் ப்ரோக்கன். அது கெட்டுப்போச்சும்மா. கொசு மாதிரி கேக்குது.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. கதவோரம் நின்ற குமரேசன் தொண்டையைச் செருமினார்.

“புள்ள சொல்றது தப்பில்ல. அன்னைக்கு ஆயுத பூசையில கேட்டது எங்க தறிக்குடோன் கதவாட்டம் அதிருச்சு. இந்த ஊருக்கு வந்ததுல இருந்து இது அப்படி இல்ல. சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“எட்டு வருஷமாவா?”

“சொன்னா நீ சும்மா உடுவியா?”

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இந்த ஊர்க் கரண்டு சரியில்லை, குளிரில் பெட்டி சுருங்கியிருக்கும், என் கை மறந்திருக்கும் என்று நானே காரணம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பெட்டி உள்ளே ஏதோ பழுது, சம்பத் அண்ணனிடம் கேட்டுச் சரிசெய்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று முடிவு கட்டினேன்.

5

சம்பத் அண்ணன் இப்போது பெருமாநல்லூரில் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். போன் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டேன். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மிணீ! நல்லா இருக்கறீங்களா? குமரேசன் தம்பி, பாப்பா எல்லாம் சவுக்கியமுங்களா? அங்க ரொம்பக் குளிருங்களாமா?”

குளிரைப் பற்றி இரண்டு நிமிஷம் போயிற்று. பிறகு விஷயத்தைச் சொன்னேன். ஸ்டிக்கர், பெடல், லீடு எல்லாம்.

“அண்ணா, அந்தப் பெட்டிக்குள்ள என்னென்ன போட்டீங்க? எனக்கு அந்த ஆயுத பூஜைச் சத்தம் வேணும். எது கெட்டிருக்கும்னு சொல்லுங்க, இங்க வாங்கி மாத்திடறேன்.”

அவர் மோட்டாரை நிறுத்தினார்.

“ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கண்ணா.”

“அது கெடலீங்க அம்மிணி. அது மொதல்ல இருந்தே அப்படித்தானுங்க. ஒரு டிரான்சிஸ்டரு, ரெண்டு டயோடு, அவ்வளவுதான். புஸ்தகத்துல பாத்துப் போட்டனுங்க. எங்கூட்டுல வச்சுப் பாத்தப்பவே கொசு கத்தறாப்பலதான் இருந்துச்சு.”

“அப்ப அன்னைக்கு வந்த சத்தம்?”

“ஸ்பீக்கருங்க. முந்துன நாள் ஈரத்துணி டிராலி இடிச்சு, கேண்டீன் ஸ்பீக்கரோட கூம்புக் காயிதம் கிழிஞ்சு போச்சு. பூசையன்னைக்குப் புதுசுக்கு எங்க போறதுங்க? பனியன் ரிப் துணியில ஒரு துண்டு வெட்டி, பசை போட்டு ஒட்டி, முன்னால கருப்புத் துணியக் கட்டி உட்டுட்டேன். நீங்க மிதிச்சதும் பூதமாட்டம் வந்துருச்சு. எனக்கே பயமாப் போச்சுங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னுதானுங்க மேடைக்கு வந்தேன். நீங்க டப்பாவ நெஞ்சோட வச்சுக்கிட்டு நின்னீங்க. ஆறு மாசமாச் சிரிக்காத புள்ள சிரிச்சுக்கிட்டு நிக்குது. வாய் வரலீங்க, அம்மிணி.”

அதன் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் கோபமாக இருந்தேன். எட்டு வருடம், மூன்று வீடு மாறும்போதும் துணிமணிக்கு நடுவே சுற்றிப் பத்திரமாகத் தூக்கி வந்த சாமான். பொங்கல் பானையைக்கூட ஊரில் விட்டுவிட்டு அதைக் கொண்டுவந்தேன். பிறகு, கிழிந்த ஸ்பீக்கருக்குப் பனியன் துணி ஒட்டுப் போட்ட கதையைக் குமரேசனிடம் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்குமுன் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க ஜோதி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் சொன்னேன், முழுக்கத் தமிழில். அவளும் சிரித்தாள்.

6

சிரித்து முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது. தவறான துண்டை ஒப்பிடும் அளவுகோலாக, ஸ்டாண்டர்டாக வைத்துக்கொண்டு எட்டு வருடம் ஷேடு பிடித்திருக்கிறேன். விளக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள், பெட்டியைப் பார்த்து ஸ்பீக்கரை மறந்திருக்கிறேன். புத்தி மாறவில்லை.

ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. எது ஸ்டாண்டர்டு என்று தெரிந்துவிட்டால் எனக்கு ஷேடு பிடிப்பது பெரிய வேலை இல்லை. இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. வீரபாண்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆலிவ் என்று எழுதி எந்தச் சாய டப்பாவும் வராது. மஞ்சளும் சிவப்பும் நீலமும் அளந்து போட்டுத்தான் ஆலிவ் எடுக்க வேண்டும். நானோ பதினாறு டப்பாவையும் திறந்து, இதில் என் நிறம் தயாராக இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அதை விட்டேன். கிழிந்த காகிதம் எப்படிப் பேசும் என்று யோசித்தேன். கனத்த சுரத்தில் படபடக்கும். மெல்லிய சுரத்தில் கமறும். சத்தம் அடங்கும்போது நடுங்கும். பெடலில் இருந்ததிலேயே முரடான ஏழாவது குரலை எடுத்து, அதன் வீரியத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். மேல் சுரத்தைக் குறைத்து நடுவை ஏற்றினேன். கிடாரிலேயே இருக்கும் சத்தக் குமிழைப் பாதியில் நிறுத்தி, பிளாஸ்டிக் வில்லைக்குப் பதில் கட்டைவிரல் சதையால் மீட்டினேன். இரண்டாவது முயற்சியில் குமரேசன் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“கதவு! எங்க குடோன் கதவு!”

வீட்டில் கேட்டதை வைத்து ஓகே சொல்ல நான் தயாராக இல்லை. இந்தச் சத்தம் வாழப்போவது கூடத்தில், டிரம்ஸுக்குப் பக்கத்தில். ஒத்திகையன்று அங்கே வாசித்தபோது, வீட்டில் உறுமியது கிரஹாம் அடித்த அடியில் காணாமலே போயிற்று. எதிர்பார்த்ததுதான். நடுவை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், மேலே ஒரு சிட்டிகை சேர்த்தேன். நீல் கை கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், இதற்கு நான் எதற்கு என்று சொல்லித் தன் கிடாரைப் பையில் வைத்தார். அவ்வளவு பெரிய மனது எனக்கு இருந்திருக்காது.

குமிழ்கள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று ஜோதி ஒரு சின்ன அட்டையில் எழுதி, பெடலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொடுத்தாள். தலைப்பில் ‘டிப் ஈ’ என்று போட்டிருந்தாள். நாலு டிப்புக்கு அடுத்தது அதுதானே. கீழே ஓகே என்று எழுதக் கையை எடுத்தவளைத் தடுத்தேன். மொத்தமாக வரும் பல்க் சரக்கைப் பார்க்காமல் ஓகே போடக்கூடாது என்றேன். இது அவளுக்கு ஒரே வேடிக்கை.

விருந்தன்று கிளம்பும்போது குமரேசன் சாமி மாடத்திலிருந்து குங்குமம் எடுத்துவந்து பெடலின் மூடியில் வைத்தார். புது மெஷின் என்றால் வைக்காமல் விடமாட்டார். வாஷிங் மெஷினுக்கும் வைத்தவர். கூடத்தில் அதே பரிசோதகர் இருந்தார். பெடலின் அடாப்டரை மெஷினில் மாட்டிப் பார்த்தார். தயாரிப்பாளர், மாடல், நாடு எல்லாம் படிவத்தில் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பச்சை ஸ்டிக்கரை ஒட்டும்போது மூடியைப் பார்த்து, “துரு இல்லை, எனக்குத் தெரியும்” என்றார்.

நாலு நிமிஷம் வாசித்தேன். எப்படி இருந்தது என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது, ஆனாலும் சொல்கிறேன்: பிரமாதமாக இருந்தது. இரண்டாவது நிமிஷத்தில் தட்டில் கேக்கோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தோழி வீட்டுக்குப் போகவேண்டும், வரமாட்டேன் என்று போன வாரம்வரை சொல்லிக்கொண்டிருந்த ஜோதி, அந்தத் தோழியையே கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சுரம் நடுங்கி அடங்கியபோது அவள் தோழியின் காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், போதுமாக இருந்தது.

7

அதன் பிறகும் பெடலை வைத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்யவில்லை. பிடிவாதம்தான். கூடத்தில் இருந்தவர்கள் யாரும் அந்த ஆயுத பூஜைச் சத்தத்தைக் கேட்டதில்லை. குமரேசன் வீட்டு ஆள், அவர் ஓகே செல்லாது. ஸ்டாண்டர்டைக் கண்ணால் பார்த்தவர், கையால் ஒட்டுப் போட்டவர், ஒருவர்தான் இருக்கிறார்.

கிரஹாம் பதிவு செய்திருந்ததை ஜோதி கம்ப்யூட்டரில் வெட்டிச் சின்னதாக்கி, சம்பத் அண்ணன் கடைக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டர் முகவரிக்கு அனுப்பினாள். என்ன சாமானில் வாசித்தது என்று எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சொன்னால் காது கேட்காது, மனசுதான் கேட்கும். ‘அண்ணா, விருந்தில் வாசித்தது, கேட்டுச் சொல்லுங்கள்’ என்று மட்டும் போனது.

பதின்மூன்றாவது நாள் வந்தது. மறுநாளைக்குள் தபாலில் சேர்க்காவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். அட்டைப்பெட்டியை மேஜை மேல் வைத்து, திருப்பி அனுப்பும் தாளில் பெயரும் முகவரியும் எழுதி வைத்திருந்தேன். காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. வெளிநாட்டு அழைப்புக்குக் காசு ஏறும் என்று எப்போதும் மிஸ்டு கால் மட்டும் கொடுக்கிற சம்பத் அண்ணன், நேராகவே பேசினார். குரலில் அவ்வளவு கவலை.

“அம்மிணி, கேட்டனுங்க. வாசிப்பு அருமைங்க. ஆனா நம்ம ராசியப் பாத்தீங்களா, அந்த ஊருக்குப் போயியும் உடலீங்க. அங்கயும் ஸ்பீக்கரு கிழிஞ்சு போச்சுங்களா?”

அந்தத் தாளை நாலாக மடித்துக் குப்பையில் போட்டேன்.